சிகாகோவில் ஸ்கெட்ச் எழுதும் வகுப்பு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நவம்பர் பிறந்துவிட்டால் சிகாகோவில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆபீஸ் முடிந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல், இந்த ஊர்க்காரர்கள் ஏதாவது ஒரு மாலை வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். நான் சேர்ந்திருப்பது ஸ்கெட்ச் காமெடி எழுதும் தொடக்க வகுப்பு. "சிரிக்க வைக்கக்கூடவா வகுப்பு?" என்று போனில் கேட்டாய். பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதிப் போடுகிறவன் நீ, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஸ்கெட்ச் என்பது மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடும் மேடைத் துண்டு. இதில் கதை வளர வேண்டியதில்லை, யாரும் திருந்தவும் வேண்டியதில்லை. வழக்கத்துக்கு மாறான ஒரே ஒரு நடத்தை போதும். அதற்குப் பெயர் 'கேம்'. அதைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்த பிறகு அதை விட்டு விலகாமல் இருப்பதும்தான் மொத்தப் பயிற்சியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வீட்டுக்காரர் ஒருவர் புதிதாகக் குடிவருபவரிடம் சாவியைக் கொடுக்க வருகிறார். ஆனால் வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளிடமும் விடைபெறாமல் அவரால் கிளம்ப முடியவில்லை. கதவின் கைப்பிடியைத் தடவிக் கொடுத்து, "உடம்பைப் பார்த்துக்கோ" என்கிறார். இது முதல் அடி. அடுத்தது ஃப்ரிட்ஜ். "அன்றைக்கு உன் கதவை ஓங்கிச் சாத்திட்டேன், மனசுல வச்சுக்காதே" என்று மன்னிப்புக் கேட்கிறார். மூன்றாவது, குடிவந்தவரிடம் திரும்பி, "நீங்க ஒரு நிமிஷம் வெளியே நில்லுங்க, நானும் சமையலறைக் குழாயும் தனியாப் பேசணும்" என்கிறார். ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடப் பெரிதாகிறது, கவனித்தாயா? கைப்பிடி, சுவிட்ச், ஜன்னல் என்று பொருளை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் இரண்டாவதிலேயே சிரிப்பு நின்றுவிடும். பொருள் மாறினால் போதாது, உறவின் ஆழம் கூட வேண்டும்.

எதிரே நிற்பவர்தான் 'ஸ்ட்ரெயிட் மேன்', அதாவது நம்மைப்போல் சாதாரணமாக நடந்துகொள்கிறவர். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆளைக் கோட்டை விடுகிறார்கள். அவருக்கும் ஒரு கிறுக்கைக் கொடுத்தால் எது வினோதம், எது இயல்பு என்று பார்ப்பவர்களுக்குப் புரியாது. இன்னொன்று, அவர் ஏன் எழுந்து போய்விடவில்லை? சாமான் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது, பழைய வீட்டைக் காலி செய்தாகிவிட்டது என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்தில் ஸ்கெட்ச் படுத்துவிடும்.

எழுதும் முறை எளிது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள். முதல் அரைப் பக்கத்துக்குள் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்துவிட வேண்டும். முதல் பக்கம் முடிவதற்குள் கேம் வந்துவிட வேண்டும். "வாங்க, எப்படி இருக்கீங்க, உட்காருங்க" எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டிவிடு. பெரிய சிரிப்பு எங்கே வருகிறதோ அங்கேயே விளக்கை அணைக்க வேண்டும். இதைத்தான் 'பிளாக்அவுட்' என்கிறார்கள். மேலே சொன்ன உதாரணத்தில், குடிவந்தவரே மனம் உருகி, "நீங்களே இங்கே இருங்க, வாடகையை நான் தர்றேன்" என்று சாவியைத் திருப்பிக் கொடுக்கும் இடம் அது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட வேண்டாம்.

இந்த ஊரில் இதற்கு நீண்ட வேர் உண்டு. 1959 டிசம்பரில் இங்கே 'தி செகண்ட் சிட்டி' என்ற நகைச்சுவை நாடக அரங்கம் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவர் பால் சில்ஸ். அவருடைய தாய் வயோலா ஸ்போலின், சிகாகோவில் பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவர். மொழியும் பழக்கவழக்கமும் வேறுவேறான பிள்ளைகளை ஒன்றாக மேடையேற்ற அவர் உருவாக்கிய விளையாட்டுகளிலிருந்துதான் இந்த நாடக மரபே கிளம்பியது. வெளிநாட்டிலிருந்து வந்த எவருக்கும் இது எவ்வளவு தெம்பு தரும் என்று நினைத்துப் பார். சிலேடையும் உள்ளூர் அரசியலும் நமக்குப் பிடிபட நாளாகும். ஆனால் குழாயிடம் விடைபெறும் மனிதரை எந்த ஊர்க்காரரும் புரிந்துகொள்வார்.

அந்த அரங்கில் பெரிய செட் எதுவும் கிடையாது. சில மர நாற்காலிகள், மீதியெல்லாம் கையசைவுதான். ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பதுபோல் நடித்தால் போதும். அதனால் "கட் செய்தால் கடற்கரை" என்று சினிமாபோல் எழுதக் கூடாது. ஒரே இடம், இடைவெளி விடாத நேரம், இரண்டு மூன்று பேர். உன் பள்ளி மேடைக்கும் இது அப்படியே பொருந்தும்.

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வாசிப்புதான். பாத்திரத்துக்கு ஒரு பிரதி, மேடைக் குறிப்பைப் படிப்பவருக்கு ஒன்று, எழுதியவருக்கு ஒன்று என அச்சடித்து எடுத்துப் போக வேண்டும். எழுதியவர் எந்த வேடத்தையும் வாசிக்கக் கூடாது, குறுக்கே விளக்கமும் சொல்லக் கூடாது. பென்சிலை வைத்துக்கொண்டு சிரிப்பு வந்த வரியில் ஒரு கோடு, எதிர்பார்த்தும் வராத வரியில் ஒரு வட்டம். வாசித்து முடித்ததும் ஆசிரியர் மற்றவர்களிடம், "இதில் கேம் என்ன?" என்று கேட்பார். மூன்று பேர் மூன்று பதில் சொன்னால், உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்கெட்ச் கலந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தனித்தாளில் எழுத வேண்டும். நல்ல நகைச்சுவை வரியாக இருந்தாலும், கேமுக்குச் சம்பந்தமில்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். மனசு கேட்காதுதான். ஆனால் எடுத்த பிறகு பக்கத்து வரிகளுக்குச் சிரிப்பு கூடுவதைக் காதால் கேட்கலாம்.

இந்த வருட நாடகத்தை எழுதத் தொடங்கும் முன், "இந்த ஆள் இப்படி நடந்துகொள்கிறார்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார். அது எழுத வரவில்லை என்றால் வசனத்துக்குப் போகாதே. முதல் பிரதியை எனக்கு அனுப்பு, நாலு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அனுப்புவதற்கு முன், நடிக்கப்போகிற பிள்ளைகள் அல்லாத வேறு பிள்ளைகளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, கோடும் வட்டமும் போட்டு வை.

அன்புடன்,
அக்கா