ராஜினாமா செய்யவில்லை, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

கையால் எழுதத்தான் ஆசை. ஆனால் கை நடுக்கத்தில், கடுகு அளவில் தொடங்கும் எழுத்து வரி முடிவதற்குள் கசகசா ஆகிவிடுகிறது. அதனால் அம்மாவின் கணினியில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த காலத்தில், என் கையெழுத்தைப் பார்த்தே நோட்டைக் கடன் கேட்பார்கள்.

போன வாரம் போனில், “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்துவிடுங்கள் அப்பா” என்றாய். மாப்பிள்ளையும் அதையே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் மேல் கோபமில்லை. ராஜினாமா என்பது எவ்வளவு சுலபமான சொல் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எனக்கு 53 வயது. 55 ஆகாமல் முன்கூட்டி ஓய்வு பெறவும் வழியில்லை. ராஜினாமா செய்தால் தென்னாப்பிரிக்க அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியத்தில் எனக்குச் சேர்ந்ததில் பெரும்பகுதியைக் கணக்குப் பார்த்துத் தருவார்கள், அவ்வளவுதான். மாதாமாதம் ஓய்வூதியம் வராது. உடல்நலக் குறைவால் ஓய்வு என்றால் கதையே வேறு. பத்து வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தொகை மட்டும். பத்தைத் தாண்டியவர்களுக்குத் தொகையும் உண்டு, ஆயுள் முழுக்க மாத ஓய்வூதியமும் உண்டு.

நான் கணக்கு வாத்தியார், போட்டுக் காட்டாமல் விடுவேனா? கடைசி 24 மாதச் சம்பளத்தின் சராசரியை எடுத்து, 55-ஆல் வகுத்து, பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். எனக்கு 28 வருடம். சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேலே வருகிறது. இதன்மேல் வருடத்துக்கு 360 ரேண்ட், அதாவது மாதம் முப்பது. ஒரு ரொட்டி வாங்கினால் சில்லறை மிஞ்சும், யார் புண்ணியமோ! நோயால் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பணிக்காலத்தையும் கொஞ்சம் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். மொத்தமாகத் தரும் தொகைக்கு, அந்தச் சராசரி ஆண்டுச் சம்பளத்தில் பணிபுரிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 6.72 சதவீதம். 28 வருடத்துக்கு நீயே பெருக்கிப் பார், கிட்டத்தட்ட இரண்டு வருடச் சம்பளம்.

ஆனால் கேட்டவுடன் கிடைப்பதில்லை. மூன்று வருடச் சுழற்சிக்கு 36 நாள் நோய் விடுப்பு. அது எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. பிறகு தற்காலிக இயலாமை விடுப்புக்கு விண்ணப்பம், நரம்பியல் மருத்துவரின் அறிக்கை. கல்வித் துறை நியமித்த மருத்துவ மதிப்பீட்டாளர்கள் காகிதத்தைப் பார்த்துப் பரிந்துரை மட்டும் செய்வார்கள். முடிவெடுப்பது துறைதான். அதற்கு முன் வேறு வேலை கொடுத்துப் பார்க்க முடியுமா என்று ஆராய வேண்டுமாம். நியாயம்தான். எனக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? புத்தக அறையில் உட்கார்ந்து பதிவேட்டில் கையால் எழுதுவது. எழுத முடியாதவனுக்கு எழுத்து வேலை! இரண்டாவது வாரம் தலைமையாசிரியையே அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிவைத்தார்.

அதைவிடப் பெரிய கூத்து கையெழுத்து. மார்ச்சில் கொடுத்த படிவம் மே மாதம் திரும்பி வந்தது. என் கையெழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லையாம். கை நடுங்குகிறது என்பதற்காகத்தானே விண்ணப்பமே! காவல் நிலையத்துக்குப் போய் உறுதிமொழிப் பத்திரம் எழுதினேன். மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞன், ஜூலுக்காரன். அவன் முன்னால் மூன்று தடவை கையெழுத்துப் போட்டேன். மூன்றும் மூன்று விதம், ஒன்றைவிட ஒன்று சிறிது. மூன்றாவதில் பேனா காகிதத்திலேயே நின்றுவிட்டது. அவன் என் கையைத் தொடவில்லை, காகிதத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு, “மெதுவாக, பாபா” என்றான். முத்திரை குத்தும்போது கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, கையொப்பம் தன் முன்னிலையில் இடப்பட்டது என்று பெரிய எழுத்தில் எழுதினான். அலுவலகம் இந்த முறை ஏற்றுக்கொண்டது.

உண்மையில் எனக்குக் கஷ்டமாக இருந்தது அலுவலகம் அல்ல. “பணியின் எந்தக் கடமைகளைச் செய்ய இயலவில்லை?” என்று ஒரு பகுதி. அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கரும்பலகையில் எழுத இயலாது. வடிவியல் கருவிகளைப் பிடிக்க இயலாது. நோட்டுத் திருத்த இயலாது. “குரலும் இறங்கிவிட்டது, அதையும் போடுங்கள்” என்றாள். நான் போடவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் தானே தட்டினாள். பின்பெஞ்சுப் பிள்ளைகள் “கேட்கவில்லை சார்” என்று சொல்வதை நான் வீட்டில் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்ததோ.

அனுமதி வந்தால் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்குப் பிறகு அம்மாவுக்கு என் ஓய்வூதியத்தில் பாதி போகும். எனக்கு வருவதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அது 75 சதவீதமாகும். நான் 75 என்று முடிவு செய்துவிட்டேன். “இப்போதே கணக்கா?” என்று அம்மா கோபித்துக்கொண்டு மாரியம்மன் கஞ்சிக்கு அரிசி அளக்கப் போய்விட்டாள்.

பயனாளி படிவத்தில் இன்னும் உன் பழைய குடும்பப் பெயர்தான் இருக்கிறது. புதிய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை நகலெடுத்து அனுப்பு. தெளிவாக இருக்கட்டும். மங்கலாக இருந்தால் இன்னொரு இரண்டு மாதம் போய்விடும்.

அன்புடன்,
அப்பா
சாட்ஸ்வொர்த், டர்பன்