ரெட்ஷர்ட் என்பது கூடுதல் ஆண்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் செய்திகளில் 'ரெட்ஷர்ட்' (அணியில் இருந்தும் ஓராண்டு போட்டியில் ஆடாமல் இருப்பது) என்ற சொல் வந்தாலே, அந்த வீரருக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. விளையாட்டு உதவித்தொகையை நம்பிப் பிள்ளைகளை அங்கே சேர்க்கும் பெற்றோருக்கு இந்தத் தவறு பெரிய இழப்பில் முடியலாம் என்பதால் எழுதுகிறேன். 2025 வரையிலான விதிகளை வைத்தே சொல்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில், அதாவது அதன் உயர்மட்டப் பிரிவில், இரண்டு கணக்குகள் சேர்ந்தே ஓடுகின்றன. ஆடுவதற்கு நான்கு பருவங்கள் (ஓராண்டின் போட்டிக் காலம் ஒரு பருவம்). அவற்றை ஆடி முடிக்க ஐந்து ஆண்டுகள். முழுநேர மாணவராக, அதாவது வழக்கமாக ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாட அலகு) எடுத்து, முதன்முதலாக ஒரு கல்லூரியில் சேரும்போதே ஐந்தாண்டு ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கல்லூரி வேறு நாட்டில் இருந்தாலும் இதே கணக்குதான். இடையில் கல்லூரி மாறினாலும், படிப்பை விட்டு வீட்டில் இருந்தாலும் அது நிற்காது. ராணுவச் சேவை, மதப் பணி, கர்ப்பம் போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு.

அணியோடு பயிற்சி எடுத்துக்கொண்டு, உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு, போட்டியில் மட்டும் இறங்காமல் ஓராண்டைக் கழிப்பதுதான் ரெட்ஷர்ட். இதற்கு விண்ணப்பம் எதுவும் கிடையாது. பருவம் முடியும்வரை ஆடாமல் இருந்தாலே போதும். பருவம் மிஞ்சும், ஆண்டு கழிந்துவிடும். ஐந்தில் நான்கு போக இருப்பது ஒரே ஓராண்டு என்பதால், இந்த வசதியும் ஒருமுறைதான்.

எத்தனை ஆட்டம் ஆடினால் பருவம் போய்விடும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் 2018 முதல் நான்கு ஆட்டங்கள் வரை ஆடலாம். அவை பருவத்தின் தொடக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கமான ஆட்டங்களில் ஐந்தாவதில் ஒரே ஒரு முறை களத்தில் நின்றாலும் பருவம் முழுதாகச் செலவாகிவிடும். கூடைப்பந்தில் இந்தச் சலுகை இல்லை. வெற்றி உறுதியான கடைசி நிமிடத்தில் பயிற்சியாளர் களத்துக்கு அனுப்பினாலும் ஒரு பருவம் போயிற்று. பயிற்சியாளரிடம் இதை முன்கூட்டியே தெளிவாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

காயத்துக்கான விலக்கு வேறு. காயம் பருவத்தின் முதல் பாதியிலேயே பட்டிருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் மீண்டும் ஆட முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். அதுவரை ஆடியது மூன்று ஆட்டங்கள் அல்லது அந்தப் பருவ ஆட்டங்களில் 30 சதவீதம், இவற்றில் எது கூடுதலோ அதைத் தாண்டக் கூடாது. 12 ஆட்டங்களில் 30 சதவீதம் 3.6, அதை நான்காக எடுத்துக்கொள்வார்கள். காயம்பட்ட சமயத்திலேயே மருத்துவர் எழுதிய ஆவணம் தேவை. விண்ணப்பிப்பது மாணவர் அல்ல, கல்லூரி. குணமாகிவிட்டது என்று நினைத்து இரண்டாம் பாதியில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தால் விலக்குக் கிடைக்காது.

இந்த விலக்கும் பருவத்தைத்தான் திருப்பித் தரும், ஆண்டை அல்ல. முதலாண்டில் ரெட்ஷர்ட் எடுத்தவர், மூன்றாம் ஆண்டில் முழங்கால் கிழிந்து விலக்குப் பெறுகிறார் என்று வையுங்கள். அவர் ஆடக்கூடியவை இரண்டாம், நான்காம், ஐந்தாம் ஆண்டுகள் மட்டுமே. கையில் ஒரு பருவம் மிஞ்சியிருக்கும், ஆட ஆண்டு இருக்காது. ஆறாம் ஆண்டு வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். கட்டுப்பாட்டை மீறிய காரணங்களால் இரண்டு பருவங்கள் பறிபோயிருந்தால்தான் பொதுவாக அது கிடைக்கும்.

நீதிமன்றங்களும் இப்போது இதில் நுழைந்துவிட்டன. அப்போது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரராக (குவார்ட்டர்பேக்) இருந்த டியேகோ பாவியா, ஈராண்டுக் கல்லூரியில் ஆடியதைத் தன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குத் தொடுத்து, 2024 டிசம்பரில் இடைக்கால உத்தரவு பெற்றார். அவரைப் போன்றவர்களுக்கு என்.சி.ஏ.ஏ. ஒரு பருவத்துக்கு விலக்கு அளித்தது. அதை எல்லோருக்குமான நிலையான விதி என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்று: ரெட்ஷர்ட் ஆண்டிலும் படிப்புக் கணக்கு நிற்காது. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 முடித்திருக்க வேண்டும். கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, 2025-இல், அதை ஏற்ற கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பு வந்துவிட்டது. ஆடாத ஒருவருக்கு ஓராண்டு இடம் ஒதுக்குவது இனி அணிக்கும் செலவு. எனவே ரெட்ஷர்ட் எடுக்கச் சொன்னால், அடுத்த ஆண்டும் அணியில் இடமும் உதவித்தொகையும் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்