காந்தி சிலைக்கு எதிரே மணல்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்கள். அவர்களுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

நம் புதுச்சேரி காந்தி சிலைக்கு எதிரே மறுபடி மணல் வந்துவிட்டதாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். நாம் கபடி ஆடிய அகலம் இல்லை. ஆனால் கருங்கல் குவியலைத் தாண்டி இறங்கிக் காலை நனைக்கலாம். முதல் நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

புயல்தான் மணலைக் கொண்டுபோனது என்று அப்போது நினைத்தோம், இல்லையா? அது தப்பு. நம் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதே இல்லை. தென்காற்று மாதங்களில் சாய்ந்து வரும் அலை அதை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் வடக்கே போகிறது. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்களை நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே வரத்து நின்றது. அலை மட்டும் வழக்கம்போல் நம் கரையிலிருந்து அள்ளிக்கொண்டே போனது. சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானதும் ராயபுரம் கரைந்ததும் இதே கதைதான்.

2018-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்பு அமைப்பைக் கடலுக்குள் மூழ்க வைத்தார்கள். அலை அதன்மேல் ஏறும்போதே உடைந்து வலுவிழக்கிறது. பின்னால் தண்ணீர் அடங்குவதால் மணல் படிகிறது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். சாலையிலிருந்து பார்த்தால் கடலை மறைக்கும் சுவர் எதுவும் இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

லாரியில் மணல் கொட்டினால் போதாதா என்கிறாய். கொட்டும் மணல் அந்தக் கரையின் மணலைப்போல, இல்லையென்றால் கொஞ்சம் பருமனாக இருக்க வேண்டும். நைசான மணல் தண்ணீரைக் கலக்கிவிட்டுச் சீக்கிரம் ஓடிவிடும். அப்புறம், நாம் நடக்கும் மணல் கடற்கரையில் ஒரு சிறு பங்குதான். மிச்சம் தண்ணீருக்குள் பல மீட்டர் ஆழம் வரை சரிவாக இறங்குகிறது. மேலே கொட்டியதை அலை இழுத்து முதலில் அந்தச் சரிவைத்தான் நிரப்பும். ஜனங்கள் பார்த்துவிட்டு, "போட்ட காசெல்லாம் கடலில் போச்சு" என்பார்கள். போகவில்லை, கீழே இருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் கடற்கரையைத் திட்டமிடவே கூடாது. சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடி போடவும் வேண்டும்.

ஆனாலும் மனசு நிறையவில்லை. நமக்கு வடக்கே சின்ன முதலியார் சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் போனால் உனக்கே புரியும். ஓரிடத்தில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டும் கல்சுவர், போட்டால் அதற்கு வடக்கே இருக்கும் ஊரைக் கடல் தின்கிறது. கரைவலை இழுக்க மணல்தரை வேண்டும், கல்மேல் நின்று இழுக்க முடியுமா? நம் ஊருக்கு மணல் பிடித்து வைப்பது பாதி வேலைதான். தெற்கே தேங்குவதைத் தொடர்ந்து வடக்கே அனுப்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்தில் 2001-லிருந்து பம்பு வைத்து, வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணலைக் குழாய் வழியாக வடக்கே அனுப்புகிறார்கள். அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் நகர்கிறது. நம் துறைமுகத்திலும் அப்படி நிற்காமல் நடந்தால் குப்பத்துக்காரர்களுக்கும் கரை திரும்பும். இனி ஒரு கல்லுக்குச் செலவு செய்யும் முன் இதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு உதவி. உன் அக்கா கல்யாணத்துக்கு மறுநாள் கடற்கரையில் எல்லோரும் நின்று எடுத்த படம் உன்னிடம் இருக்கும். ஒரு ஓரத்தில் சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்கள், மறு ஓரத்தில் அலை. தூணிலிருந்து தண்ணீர்வரை எவ்வளவு தூரம் இருந்தது என்று அதை வைத்து அளந்துவிடலாம். தையில் வரும்போது மறக்காமல் எடுத்து வா. பேத்தியையும்தான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்