வெள்ளம் நிற்கும் இடத்தில் தேடாதீர்கள்

யாழ். மாநகர சபையின் பொறியியல் பிரிவினருக்கும் வட்டார உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஐப்பசி மழைக்கு முன் கான் (வடிகால்) துப்புரவுக்கு ஆட்கள் இறங்குவார்கள். அதற்கும் முன்னதாக, மூடிய கான்களுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்த்து வரைபடமாக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

பார்க்க இரண்டு முகக்கண்ணாடி போதும். நேரான துண்டில் அடுத்தடுத்த இரண்டு சிலாப்புகளை, அதாவது கானை மூடும் கொங்கிறீற்றுப் பலகைகளை, அலவாங்கால் (கடப்பாரையால்) கிளப்புங்கள். ஒரு திறப்பில் கண்ணாடியைச் சரித்துப் பிடித்து வெயிலைக் கானுக்குள் விட்டு, மற்றத் திறப்பில் இரண்டாவது கண்ணாடியைக் கம்பில் கட்டி இறக்கிப் பாருங்கள். வெளிச்சம் முழுச் சதுரமாகத் தெரிந்தால் பாதை சுத்தம். கீழ்ப்பக்கம் இருண்டிருந்தால் மண். நடுவே கறுப்புக் கோடு ஓடினால், யாரோ கானுக்குக் குறுக்காகக் கொண்டுபோன குழாய். பொலித்தீனும் பனங்கோம்பையும் மாட்டுவது அதில்தான். குழாயை மாற்றாமல் மண்ணை மட்டும் அள்ளினால் அடுத்த மழைக்கே திரும்ப அடைக்கும்.

60 சென்ரிமீற்றர் அகலமும் ஆழமும் உள்ள கானில் 30 சென்ரிமீற்றர் மண் படிந்தால், பாதித் தண்ணீராவது போகும் என்று கணக்குப் போடாதீர்கள். பரப்பு பாதியாகக் குறையும்போது உராய்வு அதே அளவுக்குக் குறைவதில்லை. போவது ஏறத்தாழ 40 சதவீதம்தான்.

எங்கள் ஊர் தட்டை நிலம். ஆயிரத்துக்கு ஒன்று சரிவுள்ள கானில், வேலை முடிந்தபின் உடைக்காமல் விட்ட 15 சென்ரிமீற்றர்க் கொங்கிறீற்றுத் திட்டு ஒன்று, மேற்புறம் 150 மீற்றருக்குத் தண்ணீரைத் தேக்கி வைக்கும். ஆகவே வெள்ளம் நிற்கும் ஒழுங்கையைத் தோண்டிப் பயனில்லை, அதற்குக் கீழே தேடுங்கள். 20 மீற்றருக்கு ஒருமுறை மட்டம் எடுங்கள். சிலாப்பின் மேலல்ல, கானின் அடியில். கடலேரியில் முடியும் வாயிலும், ஆரியகுளம் போன்ற குளங்களில் விழும் வாயிலும் மாரிகால நீர்மட்டத்தைக் குறியுங்கள். வெளியே நீர் உயர்ந்திருந்தால் எவ்வளவு துப்புரவான கானும் வடியாது.

ஆளை உள்ளே இறக்குவது கடைசி வழியாகவே இருக்கட்டும். இறக்கத்தான் வேண்டுமென்றால், இரு பக்கச் சிலாப்பும் திறந்து காற்றோடவிட்டு, வாயுமானியை மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும் பிடியுங்கள். ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு 10 பி.பி.எம்.மை (பத்து இலட்சத்தில் 10 பங்கை) தாண்டினாலோ ஒருவரும் இறங்கக்கூடாது. அந்த வாயுவின் கூழ்முட்டை மணம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குவது இன்னும் மோசம்: 100 பி.பி.எம். அளவில் மூக்கே மரத்துவிடும். இடுப்புக்கயிறு மட்டும் போதாது. தோள்பட்டி மாட்டி, மேலிருந்து தூக்க ஆள் நிற்க வேண்டும். அப்படித் தூக்க ஆளில்லாதபோதுதான், விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சாகிறார்.

இன்னொன்று. ஆடி, ஆவணி வெயிலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீராக இருக்காது. குசினித் தண்ணீரோ அதைவிட மோசமானதோ, எந்த வளவிலிருந்து சேருகிறது என்று மேல்நோக்கி ஒவ்வொரு திறப்பாகப் பார்த்துப் போங்கள். கானின் அடி வெடித்திருந்தால் அது நிலத்தடிக்கு இறங்கும். எங்கள் நிலத்தடியில் உள்ள சுண்ணக்கல் வெடிப்புகளுக்கு வடிகட்டத் தெரியாது. நாங்கள் குடிப்பதோ கிணற்றுத் தண்ணீர்.

வரைபடத்தில் ஒவ்வொரு திறப்புக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். அந்த இலக்கத்தைச் சிலாப்பில் எழுதினால் வெள்ளத்துக்குள் தெரியாது. பக்கத்து மதிலில், இடுப்பளவுக்கு மேலே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கான், மதகு வேலை தெரிந்த சிலர்
யாழ்ப்பாணம்