டேப் லைப்ரரி: டெண்டரில் எழுத மறக்கும் விஷயங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் ஏதாவது ஒரு மருத்துவமனையையோ அரசு அலுவலகத்தையோ முடக்கும்போதெல்லாம் நாளிதழ்களில் வரும் அறிவுரை ஒன்றுதான்: பேக்கப் எடுத்து வையுங்கள். எதில் எடுப்பது, எப்படி எடுப்பது என்பது எழுதப்படுவதில்லை. இலங்கை அரசின் கிளவுட் 2023 ஆகஸ்டில் தாக்கப்பட்டபோது, தனியே எடுத்து வைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழை பல டிஸ்க் பிரதிகளை ஒரே நேரத்தில் பாதித்தது. அந்த அஞ்சல்களை கூகுள் மீட்டது டேப்பிலிருந்துதான், அதாவது தரவைப் பதிந்துவைக்கும் காந்த நாடாவிலிருந்துதான். சர்வரோடு இணைந்தே இருக்கும் பிரதிக்கு சர்வருக்கு நேர்வதெல்லாம் நேரும். கழற்றி அலமாரியில் வைத்த டேப்பை எந்த வைரஸாலும் எட்ட முடியாது.

இதைச் செய்ய கூகுள் அளவுக்கு வளர வேண்டியதில்லை. ஸ்கேன் படங்கள் சேரும் மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவு வங்கி, ஏன், பழைய புகைப்படங்களைக் காக்க வேண்டிய ஒரு நாளிதழ் அலுவலகம் கூட இதை அமைத்துக்கொள்ளலாம். 20 டெராபைட் தரவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். டேப்புகளை ஸ்லாட்டுகளில் அடுக்கிவைத்து, உள்ளிருக்கும் ரோபோவால் தானே எடுத்து மாற்றும் பெட்டிதான் டேப் லைப்ரரி. சர்வர் ரேக்கில் 2யூ உயரம் பிடிக்கும் 24 ஸ்லாட் லைப்ரரி ஒன்றும், டேப்பில் எழுதிப் படிக்கும் டிரைவ் ஒன்றும் (எல்டிஓ என்ற டேப் வகையில் எட்டாம் தலைமுறை) போதும். டேப் உறையில் 30 டெராபைட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது சுருக்கத்தை நம்பிப் போட்ட கணக்கு. எக்ஸ்ரே படமும் ஜேபெக்கும் வீடியோவும் பெரும்பாலும் ஏற்கெனவே சுருங்கியவை, மேலும் சுருங்காது. ஒரு டேப்புக்கு 12 டெராபைட் என்றே கணக்கிடுங்கள். அப்படியானால் வாராந்திர முழு பேக்கப்புக்கு 2 டேப். 5 வாரம் வைத்திருக்க 10. தினசரி மாற்றங்களுக்கு வாரம் 1 என 5. மாதக் கடைசிப் பிரதிக்கு வருடத்துக்கு 24, இவை லைப்ரரிக்கு வெளியே இருக்க வேண்டியவை. உதிரியாக 4. ஆக 43 டேப். பல டெண்டர்களில் 'டேப் லைப்ரரி - 1, டேப் - 10' என்று முடித்துவிடுகிறார்கள். சில வாரங்களில் டேப் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதத் தொடங்குகிறார்கள்.

டெண்டரில் விட்டுப்போகும் மற்றவை: டிரைவை சர்வரோடு இணைக்கும் சாஸ் எச்பிஏ கார்டு, இரு முனையும் சரியாகப் பொருந்தும் கேபிள், பார்கோடு லேபிள்கள், சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜ் 2. கார்டில் ஒரு வகைச் செருகியும் டிரைவில் இன்னொரு வகையும் இருப்பது சகஜம். இரண்டின் எண்ணையும் பார்த்துவிட்டு கேபிள் வாங்குங்கள். பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்க சர்வரில் ஏற்கெனவே இருக்கும் ரெய்டு கார்டில் டேப்பைச் செருகக் கூடாது. அந்தக் கார்டு டிஸ்க்குகளை எதிர்பார்க்கிறது. டிரைவைக் காட்டினாலும் ரோபோவைக் காட்டாமல் போகும். சின்ன லைப்ரரிகளில் டிரைவும் ரோபோவும் ஒரே கேபிளில்தான் வருகின்றன, எல்யூஎன் என்ற எண்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது: டிரைவ் எல்யூஎன் 0, ரோபோ எல்யூஎன் 1. எல்யூஎன் 0-வோடு தேடலை நிறுத்திவிடும் கார்டில் ரோபோ கண்ணிலேயே படாது.

பெட்டியைப் பிரித்ததும், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே, பயணத்துக்காக ரோபோவைக் கட்டிவைத்திருக்கும் பூட்டைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் இயக்கினால் ரோபோ நகரப் பார்த்து, முடியாமல், பிழை காட்டி நின்றுவிடும். கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள், லைப்ரரியை இடம் மாற்றும்போது மறுபடி தேவைப்படும். முதலில் லைப்ரரிக்கு மின்சாரம் கொடுத்து, அது ஸ்லாட்டுகளை எண்ணி முடிக்கும்வரை பொறுத்து, பிறகு சர்வரை இயக்குங்கள். லினக்ஸில், இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ கட்டளையை 'ஜி' தேர்வோடு கொடுத்தால் டிரைவுக்கு 'டேப்' என்று ஒரு வரியும் ரோபோவுக்கு 'மீடியம்எக்ஸ்' என்று ஒரு வரியும் வர வேண்டும். இரண்டாவது வரி வராமல் மென்பொருளை நிறுவத் தொடங்குவது நேர விரயம்.

பார்கோடு 8 எழுத்துகள்: முதல் 6 நம் விருப்பம், கடைசி 2 தலைமுறையைக் குறிக்கும். எட்டாம் தலைமுறைக்கு 'எல்8'. ஏழாம் தலைமுறை டேப்பில் 9 டெராபைட் எழுதும் 'எம்8' என்றொரு வகையும் உண்டு. ஒன்பதாம் தலைமுறை டிரைவ் அதைப் படிக்காது என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். லேபிளைக் கார்ட்ரிட்ஜில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் மட்டும் ஒட்டுங்கள். வேறு இடத்தில் ஒட்டிய காகிதம் டிரைவுக்குள் உரிந்து சிக்கும்.

இனி யூனிக்ஸ் பக்கம். எத்தனை முறை சொன்னாலும் தகும் ஒன்று உண்டு. ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. லினக்ஸில் எஸ்டி0 என்ற பெயரில் திறந்தால் வேலை முடிந்து மூடும்போது டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். என்எஸ்டி0 என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் பெயரில் திங்கட்கிழமை பேக்கப்பும் செவ்வாய்க்கிழமை பேக்கப்பும் எழுதினால் திங்கள் அழிந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மற்ற யூனிக்ஸ் வகைகளில்: ஃப்ரீபிஎஸ்டியில் இந்த ஜோடி எஸ்ஏ0, என்எஸ்ஏ0, சோலாரிஸில் சுற்றாத பெயர் 'என்' என்ற எழுத்தோடு முடியும், ஏஐஎக்ஸில் ஆர்எம்டி0.1. டிரைவின் நிலையைப் பார்க்கும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டிலும் சுற்றாத பெயரையே எழுதுங்கள். நிலையைக் கேட்டதாலேயே டேப் சுற்றி, அடுத்த பேக்கப் முந்தையதன் மேல் விழுந்துவிடும்.

டிரைவ் இரண்டு இருந்தால் இன்னொரு சிக்கல். ரோபோவின் கணக்கில் 0-வது டிரைவ், லினக்ஸின் கணக்கில் என்எஸ்டி1 ஆக இருக்கலாம். மறுதொடக்கத்துக்குப் பிறகு மாறவும் செய்யலாம். ரோபோ டேப்பை ஒரு டிரைவில் போட்டிருக்க, மென்பொருள் இன்னொரு டிரைவைப் பார்த்துக் காத்துக்கிடக்கும். டிரைவின் வரிசை எண்ணை வைத்து உருவாகும் 'டேப்/பை-ஐடி' பெயர்களையே அமைப்புக் கோப்பில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. எம்டிஎக்ஸ் கட்டளையால் 1-வது ஸ்லாட் டேப்பை 0-வது டிரைவில் ஏற்றிவிட்டு, எம்டி கட்டளையால் இரு டிரைவின் நிலையையும் கேட்டு, எதில் டேப் தெரிகிறது என்று முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றியதும் உடனே எழுத முடியாது. நாடாவை இழுத்து மாட்டி, கார்ட்ரிட்ஜில் உள்ள சிப்பைப் படித்து, தயார் என்று சொல்ல டிரைவுக்கு நேரம் வேண்டும். அதற்குள் திறந்தால் 'டேப் இல்லை' என்றோ உள்ளீட்டுப் பிழை என்றோ வரும். பாக்குலா என்ற பேக்கப் மென்பொருளோடு வரும் எம்டிஎக்ஸ்-சேஞ்சர் ஸ்கிரிப்ட்டில் காத்திருக்கும் பகுதி இருக்கிறது. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். ஒன்பதாம் தலைமுறையில் இது இன்னும் கடுமை: ஒவ்வொரு புது டேப்பையும் முதன்முறை ஏற்றும்போது டிரைவ் அதை அந்த அறைச் சூழலுக்கு ஏற்ப அளந்து பதிவு செய்கிறது. பெரும்பாலும் 40 நிமிடம், சில டேப்புகளுக்கு 2 மணி நேரம் வரை. புது டேப்புகளை எல்லாம் ஒரு விடுமுறை நாளில் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிவிட்டால் நள்ளிரவு பேக்கப் காத்திருந்து தோற்காது.

வேகம்தான் பலரும் கவனிக்காதது. அரை உயர எட்டாம் தலைமுறை டிரைவ் நொடிக்கு 300 மெகாபைட் எழுதும். 20 டெராபைட்டை முடிக்கப் பதினெட்டரை மணி நேரம். வெள்ளி இரவு 9 மணிக்குத் தொடங்கினால் சனி மாலை 4 மணிக்கு முன் முடிந்துவிடும். ஆனால் சர்வருக்கு வரும் நெட்வொர்க் 1 கிகாபிட் என்றால் கிடைப்பது நொடிக்கு 110 மெகாபைட்தான். அதே வேலை 50 மணி நேரம் இழுக்கும். நேரம் போவதைவிடப் பெரிய கேடு வேறு. தரவு மெதுவாக வந்தால் டிரைவ் ஓரளவு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடி, விட்ட இடத்தைப் பிடித்து எழுதும். ஒரு டேப்பை நிரப்பவே 960 மீட்டர் நாடா முன்னும் பின்னுமாக 208 முறை ஓடுகிறது. அதன் மேல் இந்த ஓயாத நின்று ஓடலும் சேர்ந்தால் நாடாவும் தேயும், டிரைவில் எழுதிப் படிக்கும் தலையும் தேயும். லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள சர்வர்களில் 10 கிகாபிட் நெட்வொர்க் இருந்தாலும் இதுவே நடக்கும்.

மருந்து எளிது. பேக்கப் சர்வரில் 1 டெராபைட் எஸ்எஸ்டியை ஸ்பூல் இடமாக ஒதுக்குங்கள். தரவு முதலில் அங்கே சேரும், பிறகு முழு வேகத்தில் டேப்புக்குப் போகும். பாக்குலாவில் ஸ்பூல் டேப்புக்குக் காலியாகும் நேரத்தில் அந்த வேலையின் வரவு நின்றுவிடும் என்பதால் 2, 3 வேலைகளை ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். கோப்புகளை ஒன்றாகக் கட்டி எழுதும் டார் கட்டளையை மட்டும் நம்புகிறவர்கள் நடுவில் தரவைத் தேக்கிவைக்கும் எம்பஃபர் கட்டளையை வைத்து, 8 கிகாபைட் நினைவகத்தில் 90 சதவீதம் நிரம்பிய பிறகே எழுதத் தொடங்கும்படி செய்யலாம்.

பிளாக் அளவையும், அதாவது டேப்பில் ஒரே தடவையில் எழுதும் தரவுத் துண்டின் அளவையும், முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். டாரின் இயல்பு அளவு 10 கிலோபைட், பாக்குலாவின் இயல்பு அளவு 64,512 பைட். இரண்டுமே இந்த டிரைவுகளுக்குச் சிறியவை. 256 கிலோபைட் நல்ல அளவு. ஆறு மாதம் கழித்து மாற்றலாம் என்று விட்டுவிட்டு மாற்றினால் பழைய டேப்புகளைப் படிக்கும்போது மென்பொருள் தடுமாறும். பெரிய பிளாக்கைச் சிறிய அளவில் படிக்க முயன்றால் லினக்ஸ் 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்கிறது. அதைப் பார்த்து சர்வருக்கு ரேம் வாங்கிப் போட்டும் பயன் இருக்காது. அமைப்பு முடிந்ததும் பாக்குலாவின் பிடேப் கருவியில் 'டெஸ்ட்' சோதனையையும் ரோபோவுக்கான சோதனையையும் ஓட்டுங்கள். அது டேப்பில் இருப்பதை அழித்து எழுதும், ஆகவே காலி டேப் மட்டும்.

எந்தக் கோப்பு எந்த டேப்பில் இருக்கிறது என்ற பட்டியல் ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. பேக்கப் சர்வரே எரிந்துவிட்டால் அந்தப் பட்டியலும் எரியும். அப்போது டேப்புகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துத்தான் பட்டியலை மீண்டும் உருவாக்க முடியும்: ஒரு டேப்புக்கு 11 மணி நேரம், 24 டேப்புக்கு 11 நாள். ஆகவே ஒவ்வொரு இரவும் கடைசி வேலையாகப் பட்டியலின் பிரதியை எடுத்து வேறு கட்டடத்துக்கு அனுப்புங்கள். நான்காம் தலைமுறையிலிருந்தே டிரைவுக்குள் ஏஇஎஸ்-256 குறியாக்கம் இருக்கிறது. வெளியே போகும் டேப்புக்கு அதைப் பயன்படுத்துவது நல்லது, ஆனால் சாவி அதே சர்வரிலோ அதே டேப்பிலோ மட்டும் இருந்தால் எல்லாம் வீண். சாவியை அச்சிட்டு உறையிலிட்டு இரண்டு இடங்களில் பூட்டி வையுங்கள்.

சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜ் பொதுவாக 50 முறைக்கு வரும். வாரம் ஒருமுறை என்று அட்டவணை போடாதீர்கள், அது தலையைத் தேய்க்கும். டிரைவ் கேட்கும்போது மட்டும் போதும். அந்த வேலையை லைப்ரரியிடம் ஒப்படைத்தால் மென்பொருளில் அணைத்துவிடுங்கள். இருவரும் ஒரே கார்ட்ரிட்ஜுக்குப் போட்டியிடக் கூடாது. டேப்இன்ஃபோ கட்டளை காட்டும் எச்சரிக்கைகளைத் தினமும் மின்னஞ்சலில் வரவழையுங்கள்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீண்டகாலச் சேமிப்புக்கு டேப் விரும்புவது 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். சாதாரண பீரோவில் இது கிடைக்காது. குளிர்ந்த சர்வர் அறையிலிருந்து டேப்பை வெளியே எடுத்ததும் ஈரம் படியும். உறையோடு மூடிய பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். திரும்பக் கொண்டுவந்தால் அறையில் 24 மணி நேரம் வைத்த பிறகே ஏற்றுங்கள். கீழே விழுந்த டேப்பை லைப்ரரியில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் சிறு ஊசி நகர்ந்திருந்தால் டேப்போடு டிரைவும் போகும்.

எட்டாம் தலைமுறை டிரைவ் ஏழையும் எட்டையும் மட்டுமே படிக்கும். 2025-இல் வந்த பத்தாம் தலைமுறை தன்னைத் தவிர வேறெதையும் படிக்காது. பழைய டேப்புகள் இருக்கும்வரை பழைய டிரைவ் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும், அல்லது புதியதற்கு நகல் எடுத்து முடிக்க வேண்டும். டெண்டரிலேயே இதற்கு ஒரு வரி எழுதலாம். கூடவே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருக்கும் டேப் ஒன்றைக் கொண்டுவந்து, பேக்கப் எடுத்த சர்வர் அல்லாத வேறொரு கணினியில் மீட்டு, கோப்புகள் மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் நிபந்தனை போடுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் பராமரிப்புப் பணத்தை விடுவிக்கக் கூடாது.

கழிக்க வேண்டிய டேப்பைக் காந்தக் கருவியில் அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தொழிற்சாலையில் எழுதப்பட்ட வழிகாட்டித் தடங்களும் அதோடு அழிவதால் எந்த டிரைவும் பிறகு அந்த டேப்பை ஏற்காது. மறுபயன்பாட்டுக்கு மேலெழுதினாலே போதும். காந்தக் கருவி குப்பைக்குப் போகும் டேப்புக்கு மட்டும்.

இப்படிக்கு,
யூனிக்ஸ் சர்வர் நிர்வாகி ஒருவர்,
சென்னை