ஸ்கேன் தேதியைக் கூடத்துத் திரைக்குச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1983-ல் தபால் தந்தித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பல வருடம் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள் நான். 2020 ஜனவரியில் சுமார் 78 ஆயிரம் பேர் ஒரே நாளில் பி.எஸ்.என்.எல்.-லிலிருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருத்தி. சமீபத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மார்பில் சின்னதாக ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. இளைய மகளுக்குப் பத்து நாளில் நிச்சயதார்த்தம். என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஸ்கேன் எடுத்து முடிவு தெரிந்த பிறகு பக்குவமாக நானே சொல்லிக்கொள்ளலாம் என்று, யாரிடமும் மூச்சு விடாமல் போனிலேயே மருத்துவமனையில் நேரம் வாங்கினேன். உறுதி செய்து மெயில் வந்தது. அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் மெயில் சேவை அதிலிருந்து தேதியையும் நேரத்தையும் எடுத்துக் காலண்டர் சேவையிடம் கொடுத்துவிட்டது. பேரன் கார்ட்டூன் பார்க்கக் கூடத்தில் வைத்திருக்கும் டேப்லெட்டிலும் என் கணக்குதான். சம்பந்தி வீட்டார் வந்து எத்தனை தட்டு வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது அதில் மணி அடித்தது. நாளை காலை 10.30, பிரெஸ்ட் ஸ்கேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் கையில் காபி டம்ளர் இருந்தது. அதை அவர் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. வந்தவர்கள் நல்ல மனிதர்கள், கேட்காதது போல் பேச்சை மாற்றினார்கள். அன்றிரவு அவர் தூங்கவே இல்லை. "என்கிட்ட கூட சொல்லலையே" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கடைசியில் அது வெறும் கொழுப்புக் கட்டிதான். ஆனாலும் அவரிடம் அதை எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது என் கையில் இருந்திருக்க வேண்டும்.

சேவைகள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தால் காலண்டரில் தானாக ஏறிவிடுகிறது, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மேப் சொல்கிறது. முட்டிவலியோடு தனியாகப் பயணம் போகிறவளுக்கு அது பெரிய உதவி. ரயில் டிக்கெட்டையும் ஸ்கேன் சீட்டையும் ஒன்றாக நினைப்பதுதான் தப்பு.

டிரங்க் போர்டில் அப்போது பி.பி. கால் என்று ஒன்று இருந்தது. யார் பெயரைச் சொல்லிப் பதிவு செய்தார்களோ, அந்த ஆள் லைனுக்கு வந்தால்தான் பேசவிடுவோம். வீட்டில் வேறு யார் எடுத்தாலும் விஷயத்தைச் சொல்ல மாட்டோம். சாவு, கடன், காதல் என்று எவ்வளவோ காதில் விழும். வெளியே விட்டால், அப்போதிருந்த 1885-ம் வருடத் தந்திச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை. சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, அது எங்களுக்குத் தொழில் தர்மம். அந்தக் காலத்து ஆபரேட்டரிடம் எதிர்பார்த்த அடக்கத்தை இன்றைய மெயில் சேவையிடம் ஏன் எதிர்பார்க்கக் கூடாது?

இதையெல்லாம் நிறுத்த, என் தங்கை மகளோடு உட்கார்ந்து தேடினேன். மெயிலில் ஒரு சுவிட்ச், காலண்டரில் ஒன்று, தேடல் வரலாற்றில் இன்னொன்று. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் முன்கூட்டியே ஆன் செய்யப்பட்டிருந்தன. முக்கால் மணி நேரம் ஆனது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நல்ல உதாரணம் ஒன்று தந்திருக்கிறார்கள். ஒரு பெண் தொலைமருத்துவச் செயலியை இறக்குகிறாள். சிகிச்சைக்கான விவரங்களோடு, போனில் இருக்கும் எண்களையும் கேட்கிறது. அவள் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டாலும், சிகிச்சைக்குத் தேவைப்படாத அந்த எண்கள் விஷயத்தில் அவள் ஒப்புதல் செல்லாது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உட்பட அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பார்க்க வசதி தரவேண்டும் என்றும் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை.

அந்த அவகாசத்துக்குள் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மெயிலுக்குக் கொடுத்த ஒப்புதல் காலண்டருக்கும் வீடியோவுக்கும் கொடுத்ததாக ஆகாது. ஒரே கம்பெனியின் சேவைகளாக இருந்தாலும், ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாகக் கேட்க வேண்டும். உடம்பு சம்பந்தப்பட்ட எதுவும் நாமே ஆன் செய்யாதவரை நகரக் கூடாது. நடக்காத காரியமில்லை இது. ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல், பெரிய கம்பெனிகள் தங்கள் ஒரு சேவையின் தகவலை இன்னொன்றோடு சேர்க்கப் பயனாளரின் சம்மதம் வாங்க வேண்டியிருக்கிறது. இங்கேயும், 2021-ல் வாட்ஸப் தன் தகவல் பகிர்வு நிபந்தனையை ஏற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதற்காக, அதன் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு, வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். இந்த சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன, எதை அணைத்தால் எது நிற்கும் என்று படத்தோடு தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். என் வயதுக்காரர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். என் பெயரை வெளியிட வேண்டாம், சம்பந்தி வீட்டிலும் இதே பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
பாளையங்கோட்டை.