பாளையங்கோட்டை விடுதி மாணவர் மன்றம்: 2023–24 செயலாளர் ஆண்டறிக்கை

(2024 மார்ச் 23, சனிக்கிழமை மாலை, மெஸ் கூடத்தில் நடந்த ஆண்டுப் பொதுக்குழுவில் வாசித்தது)

மன்றத் தலைவரும் காப்பாளருமான ஐயா அவர்களே, சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கும் அக்கா, வாட்ச்மேன் அண்ணாச்சி, அண்ணன் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

நாளை மறுநாள் பங்குனி உத்திரம். பாதிப் பேர் சாஸ்தா கோயிலுக்குப் போகப் பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். சமாதானபுரத்தில் பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்காகச் சுருக்கமாகவே எழுத நினைத்தேன். முடியவில்லை, மன்னிக்கவும்.

போன வருட அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். கைப்பந்து, பொங்கல், வரவு, செலவு, நன்றி. அதற்கு முந்தைய வருடமும் அப்படியே, தேதிகள்தான் வேறு. இந்த வருடம் நடந்ததை அந்த ஒன்றரைப் பக்கத்துக்குள் அடக்கினால் நான் பொய் எழுதியவன் ஆவேன். யார் பெயரும் இதில் வராது. நிர்வாகக் குழு அப்படித்தான் முடிவு செய்தது. ஊரை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் பேசாமல் இருங்கள்.

2023 ஜூனில் நாம் 64 பேர். இன்று 61. இருவர் வேறு படிப்புக்கு மாறிப் போனார்கள். மூன்றாமவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் முதலாம் ஆண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர், நம்மில் பாதிப் பேரைப் போல. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழி போடும்போது மட்டும் அவரை மெஸ்ஸில் பார்க்க முடியாது. சைவம் போல என்று நினைத்துக்கொண்டேன். கோழிக்குத் தனி டோக்கன், அதற்குத் தனிக் காசு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. செப்டம்பர் முதல் வாரம், வழக்கம்போல மெஸ் பாக்கிப் பட்டியலை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பதினொரு பெயர். எல்லாம் என் கையெழுத்து. எடுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அவர் பெயர் நான்காவது. பாக்கி 2,140 ரூபாய்.

மூன்றாம் நாள் காலையில் அவருடைய டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. அறைத் தோழர்கள் இருவரும் இரவு கேட்டரிங் வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணாச்சிதான் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். "ஊருல கோயில் கொடை, போயிட்டு வந்துருதேன்னு சொன்னான் தம்பி, நான் என்னத்தைக் கண்டேன்" என்று அவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார். உங்கள்மேல் தப்பு ஒன்றும் இல்லை, அண்ணாச்சி. பலகையில் எழுதியவன் நான்.

பிறகு விசாரித்ததில் வேறு காரணங்களும் தெரிந்தன. வகுப்பில் செமினார் எடுக்க எழுந்து நின்றவர் ஆங்கிலத்தில் இரண்டு வரிக்கு மேல் வராமல் உட்கார்ந்துவிட்டாராம். பின்பெஞ்சில் சிரித்திருக்கிறார்கள். வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லை. இப்படி ஐந்தாறு விஷயம் சேர்ந்துதான் ஒருவன் பெட்டியைத் தூக்குகிறான் என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஐந்தாறில் மன்றத்தின் கையில் இருந்தது ஒன்று, அதை மன்றம் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 24 அவசரக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள். பாக்கிப் பட்டியல் இனிப் பலகையில் ஒட்டப்படாது, சீட்டை மடித்து ஆளிடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, கைமாற்று டப்பா. பழைய மாணவர் ஒருவர் 10,000 ரூபாய் கொடுத்து, தன் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றில் பணத்தைப் போட்டு மெஸ் ஸ்டோர் அறையில் வைத்தோம். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. எடுக்கிறவர் தேதியும் தொகையும் மட்டும் எழுதினால் போதும், பெயர் வேண்டாம். திருப்பி வைக்கும்போதும் அப்படியே. ஒரே வாரத்தில் காலியாகிவிடும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். வணிகவியல் படிக்கிறவனுக்குப் பெயரில்லாத கடன் என்றால் வயிற்றைக் கலக்கும்.

இன்று காலை எண்ணிப் பார்த்தேன். 31 முறை எடுத்திருக்கிறார்கள், மொத்தம் 14,350 ரூபாய். திரும்பி வந்தது 12,450. வெளியே 1,900. டப்பாவில் 8,100. நோட்டின் ஓரத்தில் சிலர் தாமாகவே காரணம் எழுதியிருக்கிறார்கள். பரீட்சைக் கட்டணம். கண்ணாடி. தங்கச்சிக்கு ஜாமெட்ரி பாக்ஸ். "சும்மா, படம் பார்க்க" என்று ஒருவர் எழுதி, அடுத்த வரியிலேயே திருப்பியும் வைத்திருக்கிறார்.

செமினார் விஷயத்துக்கு முதலில் ஆங்கில வகுப்பு நடத்திப் பார்த்தோம். மூன்று வாரத்தில் படுத்துவிட்டது. நடத்தியவன் நான், எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கை கொடுத்தது வேறு. செமினாருக்கு முதல் நாள் இரவு, சாப்பாடு முடிந்து தட்டு கழுவும் நேரத்தில், பேச வேண்டியவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று முழுசாக ஒரு தடவை பேசிவிட வேண்டும். தட்டுச் சத்தம், குழாய்ச் சத்தம், நடுவில் "ஏலே சோப்பு எங்க" என்று கத்தல். இதைத் தாண்டிப் பேசியவனுக்கு வகுப்பறை பெரிதாகத் தெரியவில்லை. பாஸ்பரஸ் சுழற்சியை நம் அக்கா மூன்று பேர் வாயால் கேட்டிருக்கிறார். மூன்றாமவர் ஒரு கட்டத்தை விட்டுவிட்டபோது, "பாறையில இருந்து மண்ணுக்கு வந்ததைச் சொல்லலையே தம்பி" என்று எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

இனி மொட்டை மாடிக் கூட்டம். இது ஆகஸ்டில் தொடங்கியது. ஆகஸ்டு 9 இரவு நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து, கூடப் படித்தவர்களே வெட்டினார்கள். இங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். மறுநாள் மெஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை. வழக்கமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார்கள். கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டைக் களைய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இறுதியாண்டு அண்ணன் ஒருவர், "நீதிபதி வந்துதான் நம்மைப் பேச வைக்கணுமா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிறு இரவு மாடியில் கூடினோம். பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருவர், "நாளைக்குக் காலைல என்ன, உப்புமாவா?" என்றார். சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்கும் முன் இன்னொருவர் தன் மணிக்கட்டைக் காட்டி, இந்தக் கயிறு எந்த வகுப்பில் யார் கட்டிவிட்டது, கட்டாமல் போனால் ஊரில் என்ன கேட்பார்கள் என்று சொல்லத் தொடங்கினார். அடுத்தவர், அதே நிறக் கயிற்றைப் பார்த்தால் பஸ்ஸில் தான் எந்தப் பக்கம் தள்ளி நிற்பேன் என்று சொன்னார். இருவரும் இரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து அறை. ஒரே பற்பசையில் பல் தேய்த்தவர்கள்.

விடுதிக்குள் கயிறு கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தோம். ஆதரவு 27, எதிர்ப்பு 18, மற்றவர் கை தூக்கவில்லை. விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தோற்றது. தோற்றதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அதற்குப் பிறகு, யாரும் சொல்லாமலே, ஒன்பது பேர் கழற்றினார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தபோது அதில் இரண்டு பேர் கையில் மறுபடியும் இருந்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒருவர் சட்டையை முழுக்கையாகப் போட ஆரம்பித்திருக்கிறார்.

மாடிக் கூட்டம் மாதம் இரண்டு ஞாயிறு என்று ஆகி, இதுவரை 13 முறை நடந்திருக்கிறது. அரியர் எத்தனை என்று ஒளிக்காமல் சொன்னதும் அங்கேதான். எனக்கு மூன்று. காதல் முறிந்த கதை அளவுக்கு மீறி வந்தது, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது செயலாளரின் தனிப்பட்ட கருத்து. ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியது எங்களைப் பயமுறுத்தியது. அன்றிரவு மூன்று பேர் அவர் அறையிலேயே படுத்தார்கள், மறுநாள் காப்பாளர் ஐயா அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனார். தமிழக அரசின் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை எண் 14416 அதற்கு முன்பே பலகையில்தான் இருந்தது. நாலு பேர் பார்க்க அந்த எண்ணை யார் குறித்துக்கொள்வார்கள்? இப்போது குளியலறைக் கதவுகளின் உள்பக்கம் எழுதியிருக்கிறோம். அழிந்தால் அடுத்த குழு திரும்ப எழுத வேண்டும்.

டிசம்பர் 17 ஞாயிறு. அன்று மாடிக் கூட்டம் இல்லை, மாடியில் நிற்கவே முடியாத மழை. மறுநாள் தாமிரபரணி குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்து, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வரை வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று கேட்டபோது நம்பவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. நம் கட்டடம் மேட்டில் இருப்பதால் தப்பித்தோம். கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை.

நம்மில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தவர் ஏழு பேர். ஏரல்காரர் மூன்று நாள் அம்மாவைப் போனில் பிடிக்க முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். விடுதியில் உயிரோடு இருந்தது ஒரே ஒரு பவர் பேங்க். அதை வைத்திருந்தவருக்கும் ஏரல்காரருக்கும் ஆகஸ்டிலிருந்து பேச்சு இல்லை. கயிற்றுத் தீர்மானத்தில் எதிரெதிராகக் கை தூக்கியவர்கள். முதல் நாள் இரவே பவர் பேங்க் ஏரல்காரர் கட்டிலில் இருந்தது. அப்போதும் இருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு லைன் கிடைத்து, "அம்மா" என்று இவர் கத்தியதும் வராந்தா முழுக்கக் கதவுகள் திறந்தன.

பாதை திறந்ததும் ஒன்பது பேர் லோடு வண்டியில் போனோம். வீட்டுக்குள் கணுக்கால் மூழ்கச் சேறு. தென்னந்துடைப்பம் உதவவில்லை, தட்டால் வாரிக் கொட்டினோம். அரிசிப் பானைக்குள் ஆற்று மண். பீரோவுக்கு அடியிலிருந்து பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிய அப்பளக் கட்டுப்போல வந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுடையதும் சேர்ந்து விடுதிக்கு எடுத்து வந்தோம். இந்த மெஸ் மேசைகளில் விரித்து, மூலைக்கொரு டம்ளர் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டு இரண்டு நாள் உலர்த்தினோம். அந்த இரண்டு நாளும் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அக்கா, அந்த டம்ளர்களில் ஆறு இன்னும் கணக்கில் வரவில்லை, தேடுகிறோம்.

மற்றவை சுருக்கமாக. கைப்பந்தில் முதல் சுற்றிலேயே தோற்றோம். பொங்கல் நன்றாக நடந்தது, கரும்பு மிஞ்சியது. பிப்ரவரி 19 பட்ஜெட்டில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் என்று ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் அறிவித்தார்கள். இதுநாள்வரை தங்கைகளின் ‘புதுமைப் பெண்’ பணத்தில் ரீசார்ஜ் செய்தவர்கள் அன்று விசில் அடித்தது தெற்கு பஜார் வரை கேட்டிருக்கும். ஏப்ரல் 19 தேர்தல். பலருக்கு முதல் ஓட்டு. ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே பெயரைக் கொடுக்கவும்.

கணக்கு. முன் இருப்பு 3,415. சந்தா 64 பேர், ஆளுக்கு 200, ஆக 12,800. நன்கொடை 10,000. மொத்த வரவு 26,215. செலவில் பொங்கல் 6,200, விளையாட்டு 3,150, பத்திரிகை 3,600, வெள்ளப் பணிக்கு வண்டி வாடகை, பிளீச்சிங் பவுடர், துடைப்பம் 2,900, கைமாற்று டப்பாவுக்கு மாற்றியது 10,000. மொத்தம் 25,850. கையிருப்பு 365 ரூபாய். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

மெஸ் கணக்கில் ஒரே ஒரு தொகை நிற்கிறது, அந்த 2,140. இவ்வளவு நாள் ஆகிவிட்டதே, வாராக்கடன் என்று எழுதித் தள்ளுபடி செய்துவிடலாம் என்று பிப்ரவரிக் குழுவில் பேசினோம். அதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று போன் செய்தேன். நாலு தடவை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தார். திருப்பூரில், பனியன் கம்பெனியில் செக்கிங். பின்னால் மிஷின் ஓடும் சத்தம். நான் மன்னிப்புக் கேட்கத் தயார் செய்து வைத்திருந்ததில் பாதிகூடச் சொல்லவில்லை, ஷிப்ட் மாறும் நேரம் என்றார். ஜூனில் திரும்ப வருவீர்களா என்றதற்குப் பதில் இல்லை. பாக்கியைத் தள்ளுபடி செய்யப்போகிறோம் என்றபோது மட்டும் குரல் உயர்ந்தது.

"கட்டிருதேன்ணே. பேரை அடிச்சிராதீய."

ஆகவே 2,140 ரூபாய் தள்ளுபடி செய்யப்படவில்லை. வரவேண்டியவை பக்கத்தில், அவர் பெயரிலேயே, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. நீல மையில் எழுதியிருக்கிறேன். புதிய செயலாளர் நோட்டைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.